கடிதத்தின் முதுகில்

தாட்சாயினி அக்கா அழுது நான் பார்த்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அழவேண்டிய இடத்திலும் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குத்தான் எரிச்சல் வரும்.

கிளிநொச்சியில் ஒரு உரக்கடையின் மேல்மாடியில் எங்களுக்கு வேலை. அமெரிக்கா புதிதாக நாடான காலத்தில் அங்கே அமைச்சராக இருந்த ஒருவருக்கு வந்த அரசாங்கக் கடிதங்களின் படங்கள் எங்கள் கணினிக்கு வரும். அவர் எழுதியவை அல்ல, அவருக்கு வந்தவை. தூதர்கள், துறைமுக அதிகாரிகள், கப்பல் முதலாளிகள், இடையிடையே புருஷனைத் தேடும் பெண்கள். அந்த ஆங்கிலக் கையெழுத்தைப் பார்த்து அப்படியே தட்டச்சுச் செய்யவேண்டும்.

"இருநூறு வருசத்துக்கு முந்தி அமெரிக்காக்காரனுக்கு வந்த கடிதத்தை நாங்கள் வாசிக்கிறம். எங்கட கடிதத்தை வாசிக்க ஒருத்தரும் இல்லை" என்று முதல் வாரமே சொன்னேன். அக்கா திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஒரே கடிதத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்கக்கூடாது. வேறுபட்ட சொற்கள் மேற்பார்வையாளர் விஜிதரனின் திரையில் சிவப்பாக வரும். வாசிக்க முடியாத சொல்லுக்கு ஒரு குறி போடவேண்டும், ஊகிக்கக்கூடாது. அந்தக் காலத்தில் கடிதத்தை மடித்து வைத்து, அதன் முதுகில் அமைச்சரின் எழுத்தர் யார் எழுதியது, எப்போது கிடைத்தது, பதில் போனதா என்று சுருக்கமாகக் குறிப்பாராம். அதையும் அடிக்கவேண்டும்.

அக்காவின் வேகம் எங்களில் யாருக்கும் இல்லை. அவருடைய தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர். மகளுக்கு ஆங்கிலமும் படிப்பித்தார். அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, போருக்குப் பிறகு பத்து வருடம் அக்கா அரசாங்கத்துக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதினார். பிள்ளையைக் காணாத தாய்மார் தர்மபுரத்து வீட்டுக்கு வருவார்கள், அக்கா எழுதிக்கொடுப்பார். முதல் பெட்டிசம் தன் புருஷனைத் தேடி அவரே எழுதியது.

போர் முடிந்த 2009 மே மாதம், வட்டுவாகல் பாலம் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்த பிறகு, புருஷன் குகதாசனை வேறு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அக்காவின் கையில் ஆறு வயது மேனுகா. பிள்ளைக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அந்த வரிசை அங்கே இல்லை. அவ்வளவுதான் கதை. எப்போது சொன்னாலும் தண்ணீர்ப் போத்தலின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லுவார்.

எழுதிய பெட்டிசங்கள் கிணற்றில் போட்ட கல்தான். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது' என்ற பதில்கள் மட்டும் அலுமாரிக்குள் ஒரு பை நிறைய இருக்கின்றன.

போன மாசியில் பிரதேச செயலகத்திலிருந்து வந்தது வேறு மாதிரியான கடிதம். குகதாசனைக் காணவில்லை என்று கொடுத்த சான்றிதழின் காலம் முடிகிறது. அதைப் புதுப்பிக்கலாம், அல்லது மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைக்கலாம். இரண்டு சாட்சிகளுடன் பன்னிரண்டாம் திகதி வரவும்.

வீட்டுக் காணிக்கு அரசாங்கம் தந்த பெர்மிட் குகதாசனின் பெயரில். மரணச் சான்றிதழ் இருந்தால் அதை மேனுகாவின் பெயருக்கு மாற்றலாம். மேனுகாவுக்கு இப்போது கல்யாணம் முடிந்து, கையில் ஒரு குழந்தை, தகரக் கொட்டிலில் இருக்கிறாள். பெர்மிட் தன் பெயரில் இல்லாதவளுக்கு அரசாங்க வீட்டுத் திட்டத்தில் வீடு கிடையாது. அவள் தாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் பாரம்.

"என்ன செய்யப்போறியள் அக்கா?"

"கையெழுத்து வைச்சா நானே அவரைச் சாக்காட்டின மாதிரி. வைக்காட்டி பிள்ளை தகரத்துக்குள்ள. பன்னிரண்டுக்கு இன்னும் நாள் கிடக்கு, ரூபி."

அந்த வாரம்தான் எங்கள் இருவருக்கும் ஒரே கடிதம் வந்தது. ஒரு மாலுமியின் மனைவி எழுதியது. வேறு நாட்டுக் கடற்படை கப்பலை மறித்து அவளுடைய புருஷனைப் பிடித்துக்கொண்டு போய் ஏழு வருடம். அது அவளுடைய நான்காவது கடிதம். கடைசி மூன்று வரிகளும் நீர் பட்டு அழிந்திருந்தன. நான் குறி போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் விஜிதரன் அக்காவுக்குப் பின்னால் நிற்கிறார்.

"அக்கா, இதில ஒண்டும் தெரியேல்லையே. மூண்டு வரியையும் எப்பிடி வாசிச்சனீங்கள்?"

அக்கா அடித்திருந்தது இது: 'அவர் உயிருடன் இருக்கிறாரா என்பதை மாத்திரம் தயவுகூர்ந்து அறியத் தாருங்கள். என் வாழ்நாள் முழுவதும் தங்களுக்காக மன்றாடுவேன்.'

"இப்பிடித்தான் முடியும், தம்பி" என்றார் அக்கா. "எல்லாம் இப்பிடித்தான் முடியும்."

அதை வாசிக்காமல் தன் பெட்டிசத்தின் முடிவையே எழுதியிருப்பது அவருக்கே தெரியவில்லை. பத்து வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. அவர் அடுத்த கடிதத்தைத் திறந்துவிட்டார்.

அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று அக்கா பிடிவாதமாக நின்றதால், விஜிதரன் படங்களை அனுப்பும் அமெரிக்காக்காரருக்கு எழுதிக் கேட்டார். அழிந்த மையையும் காட்டும் ஒரு விளக்கு அவர்களிடம் இருக்கிறதாம். பத்தாம் திகதி புதுப் படம் வந்தது. மூவரும் குனிந்து பார்த்தோம். அந்தப் பெண் தன் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கவே இல்லை. 'வீட்டை விட்டுப் போகிறேன், நிலத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வந்து விசாரித்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கையின் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.' அவ்வளவுதான். முதுகில் எழுத்தரின் குறிப்பு: பெயர், திகதி, கிடைத்தது. பதில் போனதாக எதுவும் இல்லை.

அக்கா தான் அடித்த மூன்று வரிகளையும் அழித்துவிட்டுச் சரியானதை அடித்தார். அன்று முழுவதும் அவருக்கு வந்த கடிதங்கள் எல்லாம் கோதுமைமா விலை பற்றியவை.

பன்னிரண்டாம் திகதி அந்த அலுவலகத்தின் பிளாஸ்டிக் கதிரைகளில் மூன்று மணித்தியாலம் இருந்தோம். சாட்சிகளில் ஒருத்தி நான், மற்றவர் பக்கத்து வீட்டுத் தவராசா அண்ணை. எழுத்தர் படிவத்தை நீட்டினார். அக்கா ஒருமுறை வாசித்தார், கையெழுத்து வைத்தார். நானும் தவராசா அண்ணையும் கீழே சாட்சிக் கையெழுத்து வைத்தோம்.

பிறகு அக்கா கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். எழுத்தர் பிரித்து வாசித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இந்த முறை ஆங்கிலம் இல்லை, தமிழ்.

'காணியை மகள் மேனுகாவுக்குக் கொடுத்துவிட்டேன். குகதாசன் வந்து விசாரித்தால், அதே காணிதான், கிணற்றடியில் புதிதாகக் கட்டும் வீட்டில் இருக்கிறோம் என்று சொல்லவும்.'

எழுத்தர் எங்களைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, குழம்பிப் போனார். "இப்பதானே அம்மா செத்தவர் எண்டு கையெழுத்து வைச்சனீங்கள்?"

"ஓம்."

"அப்ப இதுக்கு நாங்கள் என்ன பதில் போடுறது?"

அக்கா தாளை அவரிடமிருந்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, முதுகுப்பக்கம் மேலே தெரியத் திருப்பி வைத்தார்.

"பதில் வேண்டாம், தம்பி. இதில என்ர பெயரையும் இண்டைய திகதியையும் போட்டு, கிடைச்சது எண்டு எழுதி உங்கட கோவைக்குள்ள வையுங்கோ."

அவர் எழுதி முடிக்கும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை.