இருபத்துநான்கு மணி நேரம்

மலைநாட்டில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த திலக்ஷனுக்குக் கடலில்தான் பிழைப்பு என்று எழுதியிருந்தது. திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில், விடுமுறைக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்குக் காற்று சிலிண்டர் மாட்டிவிட்டு, கூடவே முங்கிப் பவளப்பாறையும் ஆமையும் காட்டும் வேலை. ஊரில், தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளில் அதைச் சொன்னால், "மீன் காட்றதுக்கும் சம்பளமா?" என்று சிரிப்பார்கள். அப்பா முத்துலிங்கம் மட்டும் சிரிக்கமாட்டார். மகன் அனுப்பிய கடலடிப் படத்தைத் தேயிலை ஃபேக்டரியில் ஒருவர் விடாமல் காட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு மிதப்பவன் தன் பிள்ளைதான் என்று சத்தியம் செய்வார்.

அந்த அப்பா ஒரு வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அந்த நேரம் மகன் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு ஜெர்மன் தம்பதிக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு இரண்டு தடவை முங்கினான். ஒரு மணிக்குப் படகில் ஏறிப் போனைப் பார்த்தால், தங்கை வினோதாவிடமிருந்து பதினான்கு அழைப்புகள். திருப்பி அழைத்தான்.

"அண்ணே, அப்பா போயிட்டாரு. நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்குறாங்க. வந்துருண்ணே."

"சரி" என்றான். அழுகை வரவில்லை. சிலிண்டர்களைக் கழுவி வரிசையாக அடுக்கினான். அடுக்கி முடித்த பிறகுதான் தன் தொழிலின் சட்டம் நினைவுக்கு வந்தது.

முங்கி எழுந்தவன் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மலை ஏறக் கூடாது. ஆழத்தில் மூச்சோடு உடம்புக்குள் போன காற்று மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் உயரத்துக்குப் போனால் இரத்தத்தில் குமிழி கட்டும். கைகால் விழும், உயிரே போனாலும் போகும். போன வருஷம் சொல்பேச்சுக் கேளாமல் அன்றைக்கே மலைமேல் நுவரெலியாவுக்கு வான் வண்டி பிடித்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு, வழியில் றம்பொடை மலை ஏறும்போதே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பிறகு அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து ஊருக்கு அனுப்பியபோது பையைத் தூக்கிக்கொண்டு போனவன் திலக்ஷன்தான்.

கணக்குப் போட்டான். தம்புள்ள வரைக்கும் சமவெளி, பயமில்லை. அங்கே காத்திருந்து, மறுநாள் ஒரு மணிக்கு மலை ஏறத் தொடங்கினால் வீட்டுக்குப் போக ஆறு மணி ஆகும். அம்மாவுக்குப் போன் எடுத்தான்.

"நாளைக்கு ஒரு மணி வரைக்கும் தம்புள்ளையில நின்னுட்டுத்தான் வரணும். ஆறு மணி வரைக்கும் வச்சிருங்கம்மா. இல்லாட்டி சனிக்கிழம காலையில எடுங்க."

"இருட்டுனா குழிக்குக் கொண்டுபோக மாட்டாங்க. சனிக்கிழம எடுத்தா தொணைக்கு இன்னொரு ஆளக் கேக்கும்னு தெரியாதா ஒனக்கு? தம்புள்ளையில என்னடா வேல?"

குமிழியைப் பற்றிச் சொன்னான். "ரத்தத்துல காத்தா?" என்று மட்டும் கேட்டாள் அம்மா அழகம்மா.

சனிக்கிழமைப் பிணத்துக்கு அஞ்சுகிற லயம், குமிழிக்கு அஞ்சுகிறவனை எப்படி நம்பும்? இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத பயம்தான். அவனுடையது புதுசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் தம்புள்ள பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தான். மூன்று பிளேன்டீ குடித்தான், மூன்றிலும் ருசி தெரியவில்லை. ஏறிப்போய்விடலாமா என்று இரண்டு தடவை எழுந்தான். இரண்டு தடவையும் அந்தச் சக்கர நாற்காலியை நினைத்து உட்கார்ந்தான். ஒரு மணிக்கு வான் வண்டியைப் பிடித்தான். மாத்தளைக்குக் கிட்டப் போகும்போது வினோதா வீடியோவில் வந்தாள். தோளில் தண்ணீர்க்குடத்தோடு குழியைச் சுற்றி வந்தது சித்தப்பா மகன் துஷாந்த். முதல் பிடி மண்ணைப் போட்டதும் அவனே. மழையில் படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. யார் வீட்டுச் சாவையோ பார்ப்பதுபோல் திலக்ஷன் பார்த்துக்கொண்டிருந்தான். துக்கம் வராததுதான் அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ஆறேகாலுக்கு லயத்துக்கு வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். வாசலில் தாய்மாமன்.

"கடலுக்கு லீவு கெடச்சிருச்சா மருமகனே?"

திலக்ஷன் உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டாள். தலையாட்டினான். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நேரத்துக்கு வந்திருந்தா என்னடா ஆயிருக்கும்?"

செத்திருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அம்மா அதோடு விட்டிருப்பாள். கட்டிப்பிடித்து அழுதும் இருப்பாள். ஆனால் அப்பாவைப் புதைத்த அன்றைக்கு அம்மாவிடம் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"கைகால் விழுந்திருக்கலாம்மா. ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்கலாம்."

அம்மா அவன் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப வந்திருக்கலாமேடா" என்றாள்.