பேலுக்குள் வந்த காலண்டர்

எனக்குக் குடோன் கிடையாது, சரக்கும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தும், ராஜபாளையம் பஸ்ஸும், என் வாயும்தான் முதல். தொண்ணூறுகளில் பேண்டேஜ் துணி விற்றேன். விற்ற துணியை ஒரு நாளும் தொட்டதில்லை. திருநெல்வேலியில் மருந்து மொத்தக்கடை வைத்திருந்தவர் போனில் ஆர்டர் சொல்வார். நான் பஸ் ஏறிப் போய் ராஜபாளையத்து மில்லில் சொல்வேன். அவர்கள் துணியை அமுக்கிப் பெரிய மூட்டையாகப் பேல் கட்டி, மேலே என் பெயரை மையால் எழுதி, நேரே அவர் கடைக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள். அவர் எனக்குத் தரும் விலைக்கும் நான் மில்லுக்குத் தரும் விலைக்கும் நடுவே கிடந்த இடுக்கில்தான் என் குடும்பம் ஓடியது. இன்றைக்கு என் மகன் இதையே கம்ப்யூட்டரில் செய்துவிட்டு டிராப்ஷிப்பிங் என்கிறான். என்ன எழவோ.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டால் என் சோலி முடிந்தது. அந்த ஒரு கடையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. மில் பில்லைப் பேலுக்குள் போடவே கூடாது என்று முதலாளியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவரும் போட்டதில்லை, நல்ல மனுஷன்.

ஒரு தை மாதம் கடைக்காரர் பேசினார்.

"அண்ணாச்சி, காலண்டர் வந்துச்சு. முருகன் அம்புட்டு லட்சணம்!"

"எந்தக் காலண்டர்?"

"பேலுக்குள்ள இருந்துச்சே. கீழ மில்லு போன் நம்பர் போட்டிருந்துச்சு, நானே பேசிட்டேன். இனிமே நேரா வாங்கிக்கிடுதேன். நீங்க எதுக்கு பஸ்ஸுல கெடந்து அலையணும்?"

அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மில்லுக்கு ஓடினேன். முதலாளி உட்காரச் சொல்லிக் காப்பி வரவழைத்தார்.

"புது வருஷம்லா தம்பி. எல்லாப் பேல்லயும் ஒண்ணு வச்சோம். ஒம்ம பேலை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்? பில்லு போடக் கூடாதுன்னுதானே சொன்னீரு?"

காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். போகும்போது எனக்கும் ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் என் மனைவி அதைச் சாப்பிடுகிற இடத்துக்கு எதிரே மாட்டினாள். கழற்று என்றேன்.

"முருகனைக் கழத்தி எங்க போடச் சொல்லுதிய?" என்றாள்.

அந்த வருஷம் முழுக்க, அரை வயிற்றுக் கஞ்சியை அந்த போன் நம்பரைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.