ஊதுபத்தி வைத்துப் பார்த்த அடுப்பு

மொட்டை மாடியில் கோழி சுடுவதற்காக, மூடி போட்ட கரி அடுப்பு வாங்க மதுரையில் ஓர் இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். பளபளவென்று ஒன்று, கன்னங்கரேலென்று ஒன்று இருந்தன. பளபளப்பைப் பார்த்ததும் மனசு துள்ளியது.

"பொறுங்க தம்பி" என்றார் பக்கத்தில் நின்ற, நெற்றி நிறைய விபூதி பூசிய பெரியவர். பூஜைப் பையிலிருந்து ஊதுபத்திகளை எடுத்துக் கொளுத்தி, இரண்டு அடுப்புகளுக்குள்ளும் வைத்து மூடினார். பளபளப்பானதில் மூடி இடுக்கிலெல்லாம் புகை கசிந்தது. கறுப்பு அடுப்பில் புகைபோக்கி வழியாக மட்டும் நூல் பிடித்தாற்போல் ஏறியது.

"பாத்தீங்களா! இதுலதான் அம்புட்டுப் புகையும் கறியச் சுத்தி வரும்!" என்று என்னைவிட அதிகமாகக் குதித்தார்.

"வீட்டுல அடிக்கடி சுடுவீங்களாய்யா?"

"ஐயையோ, நாங்க கறியே தொடமாட்டோம் தம்பி. நான் வந்தது ஆணி வாங்க."

கறுப்பு அடுப்பை ஆட்டோவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, சிரித்தபடியே நடந்து போனார். ஆணி வாங்கவே இல்லை.