கழுத்தில் ஒரு கீறல்

துளசிங்கம் இருபத்திரண்டு வருடம் ஊதினார். அதுதான் அவர் வேலை.

திருத்தணியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பீங்கான் பட்டறையில், ஒரு முனை அடைத்த முழ நீளக் குழாய்கள் சுட்டார்கள். களிமண்ணோடு சலித்த உமித்தூளைக் கலந்து சுட்டால், தூள் எரிந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாத துளைகள் மிஞ்சும். சென்னை ரசாயன ஆலைகளில் வாயுவும் திரவமும் கலந்து வரும் இடத்தில் அவற்றைப் பொருத்துவார்கள். நனைந்த குழாய் திரவத்தைக் கசியவிடும்; வாயுவை விடாது. மயிரளவு கீறல் இருந்தால் வாயுவும் தப்பிவிடும்.

அந்தக் கீறலைத் துளசிங்கம் வாயால் கண்டுபிடிப்பார். ஊறிய குழாயின் விளிம்பை உதட்டால் கவ்வி, முகவாய் நனையும்வரை தண்ணீர்த் தொட்டிக்குள் குனிந்து ஊதுவார். ஒரு குமிழி எழும்பினாலும் குழாய் ஒதுங்கிவிடும். அவர் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்; தறியில் ஓடும் நாடாக்கட்டையின் துளையில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுத்தே வளர்ந்தவர். குழாயில் வாய் வைப்பது அவருக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

மகன் கங்காதரனுக்குத் தெரிந்தது. சென்னையில் பீங்கான் தொழில்நுட்பம் படித்துவிட்டு, 1979இல் அதே பட்டறையின் சோதனை அறைக்கு வந்தான். ரப்பர் அடைப்பான், காற்றுப் பம்பு, மீட்டர் என்று ஒரு மேசை போட்டான். குழாயின் வாயில் அடைப்பானைச் செருகிக் காற்றடித்தால், கசிவை மீட்டர் காட்டும்.

ஒருநாள் குழாய் வாங்குகிறவர்கள் பார்வையிட வந்திருந்தார்கள். மேசையில் தேறிய ஒன்றை எடுத்துத் துளசிங்கம் ஊதிப் பார்த்தார். முகவாயில் தண்ணீர் சொட்ட நிமிர்ந்தார்.

"கழுத்துல விடுது கங்கா. இந்த வரிசை பூரா ஒருதபா பாத்துடலாம்."

வந்தவர்களில் ஒருவர், பெரியவருக்குப் புல்லாங்குழலும் வருமா என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். கங்காதரனுக்குக் காது சுட்டது.

"எச்சில் பண்ணிக்கினு நிக்காத நைனா. மீட்டர் சொல்லுது, போதும்."

துளசிங்கம் வேட்டி முனையால் குழாயின் விளிம்பைத் துடைத்தார். இன்னொரு முறையும் துடைத்துவிட்டு மேசையில் வைத்தார்.

ஒரு மாதத்தில் நாற்பது குழாய்கள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் கழுத்தில் கீறல். ரப்பர் அடைப்பான் கழுத்தை இரண்டு விரற்கடைக்கு மூடியிருந்தது; கீறல் அந்த மறைவுக்குள் இருந்தது. துளசிங்கத்தின் உதடு விளிம்பை மட்டுமே மூடும். கங்காதரனுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

யார் பார்த்த சரக்கு என்று முதலாளி ஜெகநாதன் கேட்டபோது, அவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான்தாங்க ஊதினேன்" என்றார் துளசிங்கம். "வயசாயிடுச்சு. மூச்சு பத்தலை."

மறுநாளிலிருந்து அவருக்கு உமித்தூள் சலிக்கும் வேலை. கங்காதரன் யாரிடமும் சொல்லாமல் அடைப்பானைக் குட்டையாக வெட்டிக்கொண்டான். அதன்பின் ஏழு வருடம் இருவரும் ஒரே சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தார்கள். பேசாமல் இருக்கவில்லை, மழை, அரிசி, தங்கை கல்யாணம் எல்லாம் பேசினார்கள்.

1986இல் துளசிங்கம் மாரடைப்பில் போனார். கருமாதி முடிந்த மறுநாள் கங்காதரன் முதலாளி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். அடைப்பானின் அளவைக்கூடச் சொன்னான்.

ஜெகநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க நைனா ஊதி தப்பினது ஒண்ணு உண்டா? அன்னிக்கே தனியா கூப்ட்டு கேட்டுட்டேன். பையன் புதுசுங்க, அவனே வந்து சொல்லுவான், அதுவரிக்கும் அவனைக் கேக்காதீங்கன்னான். சலிக்கிற வேலையும் உங்க நைனாவே கேட்டு வாங்கினதுதான். பையன் இன்னும் வந்து சொல்லலியேன்னு வருசா வருசம் கேப்பேன். ஆங், சொல்லுவான் மொதலாளின்னுதான் சொல்லிக்கினு இருந்தான்."

கங்காதரன் நிமிரவில்லை. போய் வேலையைப் பார் என்று அவர் சொன்ன பிறகும் அங்கேயே நின்றான்.