ஊதி நிற்காத குழாய்

மூன்று நாற்பதுக்கு அந்தக் குழாய் ஊதத் தொடங்கியது. கல்யாணப் பூசை நான்கு மணிக்கு.

மாதா கோயில் வாசலுக்கு மேலுள்ள மாடத்தில் என் மகள், குழாய்களில் காற்றூதி ஒலிக்கும் ஓகன் வாத்தியத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஒரு சுரம் நிற்கவில்லை. அடைமழையில் உள்ளே மரம் பருத்து, அந்தச் சுரத்துக்குக் காற்று விடும் மூடி திறந்தபடியே இறுகிவிட்டது. எக்காளம் போல் ஒலிக்கும் குழாய்களை வேறு அவள் திறந்து வைத்திருந்தாள்.

மாப்பிள்ளையின் மாமா முன்வரிசை வாங்கில் உட்கார்ந்தபடியே திரும்பி அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மகள், வாவிக்குள்ள கப்பல் வந்து ஊதுதா?"

சனம் சிரித்தது. வழக்கமாக வாசிப்பவர் வெளிநாடு போய்விட்டார். இன்றைக்கு இவள் வாசிப்பதைக் கேட்டுவிட்டுத்தான் அந்த இடத்தைக் கொடுப்பதா என்று சொல்வேன் என்றிருந்தார் பங்குச் சுவாமி. நான் மாடத்துக்கு ஓடினேன்.

"காத்தடிக்கிற மோட்டர நிப்பாட்டு. கீபோட்டக் கொண்டுவரச் சொல்றன்."

"அம்மா, நீங்க முதல்ல கையப் பிசையிறத்த நிப்பாட்டுங்க. பாக்க ஏலாமக் கிடக்கு."

அந்த ஓகனில் கட்டைகள் இரண்டு வரிசை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழாய்க் கூட்டங்கள். குமிழை இழுத்தால் ஒரு கூட்டம் ஒலிக்கும், தள்ளினால் அடங்கும். சிக்கியது கீழ்வரிசை. அதன் எக்காளக் குமிழைத் தள்ளினாள். கனத்த குழாய்களையும் அடக்கினாள். புல்லாங்குழல் போன்ற மரக்குழாய்களின் குமிழ் மட்டும் மழைக்கு இறுகித் தள்ள வரவில்லை; அதை அப்படியே விட்டாள். முழக்கம் ஓய்ந்து, அதே சுரம் தம்புரா போல மெல்ல இழைந்துகொண்டிருந்தது. அதையே சுருதியாக வைத்து, மேல்வரிசையில் மாதா பாட்டொன்றைத் தொடங்கினாள்.

கீழே சிரிப்பு நின்றது. இரண்டாம் அடியில் பெண்கள் சேர்ந்து பாடினார்கள். மாமா வாங்கில் தாளம் போட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுது சிரித்தேன்.

நான்கு மணி தாண்டியும் மணப்பெண் வரவில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் வீதியில் வெள்ளம் என்றார்கள். மகள் பாட்டு மாற்றி மாற்றி வாசித்தாள். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"அம்மா, பொம்பிளை வரக்குள்ள வாசிக்கிறது வேற சுருதி. இதோட ஒட்டாது."

நான் மாடத்து விளிம்பில் எட்டிப் பார்த்தேன். சேலைக் கரையெல்லாம் சேறாக மணப்பெண் நின்றாள். வரவேற்கப் போன சுவாமியிடம் அவள் சொன்னது எங்கள் இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

"சாமி, கேற்றடியில இருந்தே கேட்டுக்கொண்டு வாறன். நிப்பாட்டிராதங்க, இதுக்கே நடந்து வாறன். மறுகா, தங்கச்சிர கல்யாணத்துக்கும் இந்தப் பிள்ளதான் வாசிக்கோணும், இப்பவே சொல்லிப்போட்டன்."