துண்டுக்குள் பேசி முடித்த வீடு

போன வாரம் வேலந்தாவளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். என் தம்பி மகன் நடராஜன் வீட்டு வாசலை அடைவதற்குள் ஏழு பேர் என்னை யாரென்று விசாரித்துவிட்டார்கள்.

ஏழு! டீக்கடையில் இருவர், சைக்கிள் கடைக்காரர், பூசணிக்காய் வண்டிக்காரர்... மற்ற மூவர் சும்மா நின்றவர்கள். சும்மா நிற்கிறவருக்கு நான் யாராக இருந்தால் என்ன?

"வாத்தியாரோட பெரியப்பனுங்களா? போனவாட்டி வந்தப்ப கொடை கொண்டாந்தீங்களே, இப்ப எங்கீங்க?" என்றார் சைக்கிள் கடைக்காரர். என் குடை மேல் எனக்கில்லாத அக்கறை.

இந்தத் தெருவில் வீடு வாங்காதே என்று போன வருஷம் தொண்டை வற்றச் சொன்னவன் நான். கேட்டார்களா?

பத்திரிகையில் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். பாசன இலாகாவில் மதகு மதகாக நின்று தண்ணீர் அளந்தே தலை நரைத்தவன். எதைக் கண்டாலும் எண்ணுவேன். எண்ணி முடித்ததும் கவலைப்படுவேன். அதனால்தான் தனிக்குடித்தனத்துக்கு வீடு பார்க்கக் கிளம்பிய நடராஜன், "பெரியப்பா, நீங்க வந்து பாத்துச் சொன்னாத்தானுங்க எனக்கு நிம்மதி" என்று கூப்பிட்டான்.

நடராஜன் பள்ளிக்கூட வாத்தியார். அவன் மனைவி சரசு மாட்டுத் தரகர் மகள். அப்போது அவளுக்கு நான்காம் மாதம். அவர்கள் கைக்கு எட்டும்படி இரண்டே வீடுகள் இருந்தன. ஒன்று வேலந்தாவளம் சந்தை ரோட்டில். மற்றது கொழிஞ்சாம்பாறையில், உள்ளடங்கிய ஒரு தெருவில். பள்ளிக்கூடம் நடுவில் இருக்கிறது. எங்கே வாங்கினாலும் நடராஜனுக்கு ஒரே அளவு சைக்கிள் மிதிதான்.

பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கப்போகிறவள் சரசு. அவள் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. நான் கூட இருக்கும்போது அது எதற்கு?

முதலில் சந்தை ரோடு வீட்டுக்குப் போனோம். போன நாள் சந்தை நாளாக அமைந்துவிட்டது. வாசல் வேப்ப மரத்தில் நாலு காளைகள் கட்டியிருந்தன. யாருடைய மாடுகள் என்று கேட்டேன்.

"ஆருதோ தெரியாதுங்க. சந்தையன்னிக்கு ஆரு வேணாலும் கட்டுவாங்க, அது வழக்கமுங்க" என்றாள் பக்கத்து வீட்டுப் பழனியம்மாள். நம் வாசலில், நமக்குத் தெரியாதவர் மாடு... வழக்கமாம்!

எதிரே டீக்கடை. கொஞ்சம் தள்ளிக் கள்ளுக்கடை. ஊர் இருப்பது கேரளாவில்; ஒட்டியே தமிழ்நாட்டு எல்லை. அந்தப் பக்கம் மதுவிலக்கு. அதனால் பொழுது சாய்ந்தால் ஒரு கூட்டம் இந்தப் பக்கம் நடந்து வருகிறது. திரும்பும்போது எந்த ராஜ்யத்தில் நடக்கிறோம் என்று அதற்கே தெரிவதில்லை.

நாங்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பதற்குள் மூன்று பெண்கள் உள்ளேயே வந்துவிட்டார்கள்.

"அம்மிணி, எத்தன மாசம்?"

"மூஞ்சி வெளுத்துக் கெடக்குதே... கீர திங்கறயா இல்லியா?"

"ஏனுங்க வாத்தியாரே, நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா புள்ள தனியாவா கெடக்கும்?"

குறைகளைக் கூட்டினேன். பதினொன்று வந்தது. காளைகள் முதல் குறை. கேள்வி கேட்ட பெண்கள் மூவரும் ஒன்பது, பத்து, பதினொன்று.

அடுத்து கொழிஞ்சாம்பாறை. அடடா, அதுவல்லவா தெரு! ஒன்பது வீடுகள். ஒன்பது கதவும் சாத்தியிருந்தன. ரேடியோச் சத்தம் கிடையாது. ஒரே ஒரு நாய். அதுவும் எங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் மட்டத்தில். சுவரில் விரிசல் இல்லை. குறை? பூஜ்யம். என் வாழ்நாளில் எதற்கும் நான் பூஜ்யம் போட்டதில்லை.

"இதுதான்" என்றேன். நடராஜன் தலையாட்டினான். வீட்டுக்காரர் எங்களை உட்கார வைத்து வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தார். "மாத்திக்கலாமுங்களா?" வெற்றிலை மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு மாற முடியாது.

எதிர் பெஞ்சில் நடராஜனும் சரசுவும் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் அவனுடைய துண்டு கிடந்தது. துண்டுக்கு அடியில் இருவர் கைகளும். துண்டு அசைந்தது...

பெரியவன் எதிரில்! பட்டப்பகலில்! நான் மரியாதையாக முகத்தை மேலே திருப்பி உத்தரங்களை எண்ண ஆரம்பித்தேன். ஆறாவது உத்தரத்தில் இருக்கும்போது நடராஜன் தொண்டையைச் செருமினான்.

"பெரியப்பா... இந்த ஊடு வேண்டாமுங்க."

பிறந்தது முதல் என் எதிரில் மறுத்துப் பேசாத பிள்ளை! வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நானும் எத்தன சோடிக் காள வாங்கியிருக்கறனுங்க... புள்ள துண்டு போட்டுப் பேசறத அப்பவே பாத்துட்டேன்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சந்தையில் மாட்டுக்கு விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. தரகர் மகள் அதைப் புருஷனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். கூட்டுக் குடும்பத்தில் அத்தனை பேர் நடுவே ஒரு சின்னஞ்சிறிசு புருஷனிடம் பேச வேறு என்ன வழி? ஒரு அழுத்து அழுத்தினால் சரியாம். இரண்டு அழுத்தினால் வேண்டாமாம்.

"விடாம அழுத்தறாளுங்க பெரியப்பா" என்றான் நடராஜன், விரலைத் தடவிக்கொண்டே.

"காரணம் சொல்லு அம்மா" என்றேன். கிணறு, சுவர், கூரை என்று ஏதாவது சொல்வாள், பதில் சொல்லலாம் என்று இருந்தேன்.

சரசு எழுந்து நின்றாள். "தப்பா நெனைக்காதீங்க மாமா. எங்கப்பாகூட மாடு பாக்கப் போவனுங்க. கட்டுத்தறியில புது ஆளு கால வெச்சதும் அத்தன மாடும் தலயத் தூக்கிப் பாக்கும். இங்க வந்து இத்தன நேரமாச்சு, ஒரு சன்னல் தொறக்கலீங்க. இவிய பள்ளிக்கூடம் போனப்பறம் எனக்கு ஒண்ணுன்னா நான் ஆரக் கூப்புடறதுங்க?"

கூப்பிட்டால் வராமலா இருப்பார்கள் என்று கேட்டேன். பதில் வீட்டுக்காரரிடமிருந்து வந்தது.

"விக்கற ஆளு இதச் சொல்லக்கூடாதுதானுங்க... எங்கூட்டுக்காரி போனப்பறம் பேச்சுக்கு ஆளில்லாமத்தான் மவன்கிட்டப் போறேன்."

இப்படி ஒரு விற்பனையை நான் பார்த்ததில்லை. வெற்றிலையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். வீடு பார்க்கப் போகிற நாம் கிணற்றைப் பார்க்கிறோம், கூரையைப் பார்க்கிறோம். நம்மை யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கிறோமா? ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பதினொரு குறைகளையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சரசு மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். சந்தை ரோடு வீட்டையே வாங்கினார்கள்.

ஏழாம் மாதம். சரசு பிரசவத்துக்குத் தாய் வீடு போக இன்னும் நாள் இருந்தது. நடராஜன் பள்ளிக்கூடத்தில். பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் தலை சுற்றி விழுந்துவிட்டாள். கூப்பிடக் குரல் வரவில்லை.

பால் வாங்க வாசலுக்கு வருகிற சரசு வரவில்லையே என்று பழனியம்மாள், யாரும் கூப்பிடாமல், உள்ளே நுழைந்தாள். அன்றைக்குச் சந்தை. விலை படியாத காளைகளை வேப்ப மரத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்த எந்த ஊர்க்காரரோ ஒருவர், ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியைப் பூட்டினார். டீக்கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி நடராஜனைக் கூப்பிட ஓடினார்.

நடராஜன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சரசு கண் விழித்திருந்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலைச் சுற்றி மூன்று பெண்கள், யார் வைத்த கஞ்சியைக் கொடுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

என் ஒன்பதும் பத்தும் பதினொன்றும்தான்.

குழந்தையோடு சரசு வேலந்தாவளம் திரும்பியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டுத்தான் போன வாரம் போனேன். பெண் குழந்தை. தாத்தாவான தரகர் தன்னுடைய புதுத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். கை விரல் பத்தும் சரியாக இருக்கின்றனவா? எனக்குத்தான் எண்ணிப் பார்க்காமல் தூக்கம் வராதே. மெல்லத் துண்டுக்குள் கையை விட்டேன்.

கப்பென்று என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க மாமா, வெல பேசறாளாட்ட இருக்குது?" என்று சிரித்தாள் சரசு.

எவ்வளவு கேட்டாளோ, எனக்குத் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டேன்.