பன்னீரும் சந்தனமும்

ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு வெளியே, போரில் கால் இழந்த குழந்தைகளுக்குச் செயற்கைக் கால் பொருத்தும் இல்லத்தின் வாசலில் நிற்கிறேன். மன்னராட்சி என்றோ ஒழிந்த நாடு இது. ஆனாலும் இல்லத்துக்குப் புரவலர் ஓர் இளவரசி. இன்று அவர் கூட்டிவருவது புதிய நன்கொடையாளரை. பீரங்கிக்கு ஷெல் குண்டு செய்யும் ஆலையின் முதலாளி.

நேற்று ரயிலில் அறிமுகமாகி என்னை வரச்சொன்ன யாழ்ப்பாணத்து வசந்தி அக்கா இங்கேதான் சமைக்கிறார். பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாகக் காத்திருக்கிறார். ஒருமுறை ஊர் வழக்கப்படி விருந்தாளிகளை இப்படி வரவேற்றாராம்; இளவரசிக்குப் பிடித்துப்போய், அதுவும் அக்காவின் வேலையாகிவிட்டது.

"இந்த ஆளுக்குமா அக்கா? மாட்டேன்னு சொல்லக் கூடாதா?"

"ஏலாது தம்பி. இந்தக் காசு வராட்டி இந்தப் பிள்ளையளுக்குக் கால் இல்லை." கிண்ணத்தைப் பார்த்தபடியே சொல்கிறார். "என்ரை கடைசித் தம்பியும் ஷெல் விழுந்துதான் செத்தவன்."

கார் வந்து நிற்கிறது. இளவரசி பெருமையோடு அக்காவைக் காட்டுகிறார். முதலாளி சிரித்தபடி குனிந்து நெற்றியை நீட்டுகிறார். அக்கா என்ன செய்வார் என்று பார்க்கிறேன்.

பன்னீர் தெளிக்கிறார்; சந்தனத்தில் விரலைத் தோய்க்கிறார். பொட்டு வட்டமாக, அழகாக விழுகிறது.